யார் என்பதற்கு முன் எதனால்

கேள்வி: பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் 6 ஆண்டுகளாக நர்ஸாக வேலை செய்கிறேன். இங்கிலாந்து நர்ஸ் லூசி லெட்பியின் வழக்கைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். தண்டனை வந்தபோது சரியான தீர்ப்பு என்றுதான் நினைத்தேன். அப்புறம் 14 நிபுணர்கள் சேர்ந்து, கொலை நடந்தது என்பதற்கு மருத்துவ ஆதாரமே இல்லை என்றார்கள். அதே குழந்தைகளின் கேஸ் ஷீட்டைப் படித்த டாக்டர்களே நேர் எதிராகப் பேசினால் நாங்கள் யாரை நம்புவது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்தில் எங்கள் பிரிவில் மூன்று குழந்தைகள் இறந்தன. மூன்று முறையும் நான் டியூட்டியில் இருந்தேன். போன வாரம் உடன் வேலை செய்பவர் ஒருவர் டியூட்டி சார்ட்டைப் பார்த்துக்கொண்டே, "எல்லாத்துலயும் உன் பேருதான் இருக்கு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் முதல் கேள்வியைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது.

வழக்கைத் தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாக. இங்கிலாந்தில் செஸ்டர் நகரத்தின் கவுன்டஸ் ஆஃப் செஸ்டர் மருத்துவமனையில் 2015 ஜூன் முதல் 2016 ஜூன் வரை பச்சிளம் குழந்தைகள் பிரிவில் எதிர்பாராத மரணங்கள் நடந்தன. நன்றாக இருந்த குழந்தைகள் திடீரென்று மோசமாவதும் நடந்தது. அங்கே நர்ஸாக இருந்த லெட்பி மீதான விசாரணை 2022 அக்டோபரில் மான்செஸ்டர் கிரவுன் நீதிமன்றத்தில் தொடங்கி 2023 ஆகஸ்டில் முடிந்தது. 7 குழந்தைகளைக் கொன்றதாகவும் 6 குழந்தைகளைக் கொல்ல முயன்றதாகவும் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த குழு, முடிவு செய்தது. வாழ்நாள் முழுவதும் சிறை. 2024 ஜூலையில் இன்னொரு குழந்தை தொடர்பான மறுவிசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு அவர் கேட்ட அனுமதியை நீதிமன்றம் 2024இல் இரண்டு முறை மறுத்தது. 2025 பிப்ரவரியில் கனடாவின் பச்சிளம் குழந்தை மருத்துவர் ஷூ லீ தலைமையில் 14 நிபுணர்கள் லண்டனில் பத்திரிகையாளர்களைச் சந்தித்து, இயற்கையான காரணங்களும் சிகிச்சைக் குறைபாடுகளும்தான் தங்களுக்குத் தெரிகின்றன என்றார்கள். குற்ற வழக்குகளை மறு ஆய்வு செய்யும் ஆணையத்திடம் லெட்பியின் புதிய வழக்கறிஞர்கள் மனு கொடுத்தார்கள்.

அவர் குற்றவாளியா இல்லையா என்று இந்தப் பதிலில் சொல்ல மாட்டேன். முழுக் கேஸ் ஷீட்டையும் நான் பார்த்ததில்லை. இறந்த குழந்தைகளின் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள். குழந்தைகளின் பெயரைக்கூட வெளியிடாமல் ஆங்கில எழுத்துகளால் மட்டும் குறிக்கும்படி நீதிமன்றம் பாதுகாத்த குடும்பங்கள் அவை. தூரத்தில் உட்கார்ந்து அவர்களுடைய துக்கத்தின் மேல் ஒரு தீர்ப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆதாரங்களை எப்படி எடை போடுவது என்று கேட்டீர்கள் அல்லவா, அதைச் சொல்ல முடியும்.

என் வாழ்க்கையிலிருந்து ஒரு இரவு. பல வருடங்களுக்கு முன் 28 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தை. ஒன்பதாம் நாள். வென்டிலேட்டரை எடுத்துவிட்டோம், பால் குடிக்க ஆரம்பித்துவிட்டது, அம்மா வந்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அன்று நள்ளிரவுக்கு மேல் திடீரென்று நிறம் மாறி, இதயத் துடிப்பு விழுந்தது. 40 நிமிடம் போராடினோம். போய்விட்டது. கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயில் ரத்தக் குழாய்க்குள் காற்று தெரிந்தது. ஒரு இளம் டாக்டர் மெல்லிய குரலில், "டிரிப் யார் மாத்தினது?" என்று கேட்டார். அறையில் இருந்த எல்லாரும் ஒரே ஒரு நர்ஸைத் திரும்பிப் பார்த்தோம். நானும் பார்த்தேன். அந்த ஒரு பார்வைக்காக இன்றுவரை வருத்தப்படுகிறேன். மூன்றாம் நாள் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையின் ரிப்போர்ட் வந்தது. கடுமையான கிருமித் தொற்று. அந்தக் காற்று, நாங்களே நெஞ்சை அழுத்தி அழுத்தி உயிர்ப்பிக்க முயன்றதிலும் வந்திருக்கலாம், இறந்தபின்னும் வந்திருக்கலாம். ஆனால் அந்த மூன்று நாளில் அந்த நர்ஸ் வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். குழந்தைகள் பிரிவுக்கு அவர் திரும்பி வரவே இல்லை.

நாங்கள் செய்த தவறு என்ன? எதனால் என்று கேட்பதற்கு முன் யார் என்று கேட்டோம். சந்தேக மரண வழக்குகளில் மருத்துவ ஆதாரம் தடம் புரளும் இடமும் பெரும்பாலும் இதுதான் என்று நான் நம்புகிறேன். ஒரு பெயர் மனதில் விழுந்துவிட்டால், அதன்பின் எக்ஸ்ரே, லேப் எண், தோலின் நிறம் எல்லாமே அந்தப் பெயரை நோக்கியே கை காட்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சரி, அந்தக் காற்றையே எடுத்துக்கொள்வோம். லெட்பி வழக்கில் ரத்தக் குழாய்க்குள் காற்று செலுத்தப்பட்டது என்பது அரசுத் தரப்பின் முக்கியமான வாதங்களில் ஒன்று. சில குழந்தைகளின் தோலில் வழக்கத்துக்கு மாறான நிறத் திட்டுகள் வந்து மறைந்ததாக டாக்டர்களும் நர்ஸுகளும் சாட்சி சொன்னார்கள். காற்று அடைப்பு பற்றி ஷூ லீ இன்னொருவருடன் சேர்ந்து 1989இல் எழுதிய கட்டுரையும் விசாரணையில் பேசப்பட்டது. அதில் சில குழந்தைகளின் தோலில் வெளிறிய திட்டுகள் இடம் மாறித் தெரிந்ததாகவும், ஒரு குழந்தையின் நீலம் பாரித்த தோலில் இளஞ்சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரிந்ததாகவும் குறிப்பு உண்டு. பின்னாளில் லீயே வந்து, தன் கட்டுரை தவறாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்றார். வென்டிலேட்டர் அழுத்தத்தால் நுரையீரல் வழியாகக் காற்று தமனிப் பக்கம் போகும்போது வருவது அந்த நிற மாற்றம், சிரை வழியாகக் காற்று ஏற்றினால் அப்படி வருவதில்லை என்பது அவர் பிறகு வைத்த வாதம். அதற்கு முன், சாட்சிகள் சொன்ன திட்டுகள் காற்று அடைப்பை உறுதி செய்யும் அறிகுறி அல்ல என்று அவர் சொன்னதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் கேட்டது. ஆனால் அரசுத் தரப்பு நிபுணர்கள் தோல் நிறத்தை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வரவில்லை என்று சொல்லி ஏற்க மறுத்தது.

இதில் யார் சரி என்று பார்ப்பதற்கு முன் நானும் நீங்களும் கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள். வேண்டுமென்றே காற்று ஏற்றியிருந்தால் இந்த அறிகுறி தெரிய எவ்வளவு வாய்ப்பு? யாரும் எதுவும் செய்யாமல், தொற்றாலோ மூச்சுத் திணறலாலோ இறந்திருந்தால் இதே அறிகுறி தெரிய எவ்வளவு வாய்ப்பு? முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இறங்கும் நிபுணர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். சாகும் தறுவாயில் இருக்கும் குறைமாதக் குழந்தையின் தோல் எத்தனை நிறம் காட்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரத்த ஓட்டம் குறைந்தாலே தோலில் வலைபோலத் திட்டு விழும். ஆகவே தோல் நிறம் என்ற ஒன்று மட்டும் தராசுத் தட்டில் அதிகம் கனக்காது. அதனால் அந்தச் சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்று ஆகிவிடாது. பார்த்தது உண்மையாக இருக்கலாம், அது எதைக் காட்டுகிறது என்பதுதான் விவாதம்.

இந்த வழக்கில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இன்சுலின் விவகாரம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது ஒரு பெரிய மூலக்கூறு உடைந்து இன்சுலினும் சி-பெப்டைடும் சம எண்ணிக்கையில் வெளியே வருகின்றன. சி-பெப்டைட் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். அதனால் உடலே சுரந்த இன்சுலின் என்றால் சி-பெப்டைட் அளவு இன்சுலினைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஊசி மருந்தாக வந்த இன்சுலினில் சி-பெப்டைட் கிடையாது. வழக்கில் எஃப் என்று குறிக்கப்பட்ட குழந்தையின் சாம்பிளில் ஒரே அலகில் இன்சுலின் 4,657, சி-பெப்டைட் 169க்கும் கீழே. வெளியிலிருந்து இன்சுலின் வந்திருக்கிறது என்று எந்த டாக்டருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. எல் என்ற குழந்தையின் முடிவும் அதே மாதிரிதான். இந்த இரண்டு குழந்தைகளும் பிழைத்தன. இந்த இரண்டு குற்றச்சாட்டுகளிலும் ஜூரி ஒருமனதாக முடிவு செய்தது. குழந்தைகளுக்கு யாரோ இன்சுலின் கொடுத்திருக்கிறார்கள் என்பதை லெட்பியே சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார், ஆனால் கொடுத்தது நான் இல்லை என்றார்.

இவ்வளவு கனமான ஆதாரத்துக்குள்ளும் ஒரு ஓட்டை உண்டு. அந்தச் சோதனை இம்யூனோஅஸே முறை. ஆன்டிபாடி ஒட்டிக்கொள்வதை வைத்து அளவு சொல்லும் சோதனை. அன்றாடச் சிகிச்சைக்கு அது போதும். ஆனால் ரத்தத்தில் வேறு ஏதாவது ஆன்டிபாடி இருந்தால் அது ஏமாறக்கூடும். வெளி இன்சுலின் சந்தேகம் வந்தால் சாம்பிளைச் சிறப்பு லேபுக்கு அனுப்பி வேறு முறையில் உறுதி செய்ய வேண்டும் என்பது அந்த லேப் தந்திருந்த வழிகாட்டுதல். அப்படி உறுதி செய்யப்படவில்லை. முடிவு வந்தபோது குழந்தை தேறிவிட்டது, அன்று யாரும் அதைக் குற்றமாகப் பார்க்கவும் இல்லை. பல வருடம் கழித்து அந்த எண் நீதிமன்றத்துக்கு வந்தபோது மறுபடி சோதித்துப் பார்க்கச் சாம்பிள் இல்லை.

ஆகவே என் எடை இப்படி: அந்த எண்கள் வலுவான சந்தேகத்துக்கு இடம் தருகின்றன. சிகிச்சைக்காக எடுத்த ஒரு சோதனை, குற்றத்தை நிரூபிக்க எடுத்த சோதனையாகிவிடாது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கஷ்டம்தான். ஆனால் இரண்டில் ஒன்றைக் கீழே போட்டுவிட்டுப் பேசுகிறவர், எந்தப் பக்கம் நின்றாலும், எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

இன்சுலின் சோதனை ஏமாறலாம் என்றவுடன், மருத்துவமனையில் யாரும் குழந்தைகளுக்குத் தீங்கு செய்வதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1991இல் இங்கிலாந்தின் கிரந்தம் நகர மருத்துவமனையில் பெவர்லி அல்லிட் என்ற நர்ஸ் குழந்தைகளைத் தாக்கினார். 4 கொலை, 3 கொலை முயற்சி உள்ளிட்ட குற்றங்களுக்காக 1993இல் அவருக்கு 13 ஆயுள் தண்டனைகள் கிடைத்தன. அங்கேயும் முதலில் கதவைத் திறந்தது ஒரு குழந்தையின் ரத்தத்தில் இருந்த மிக அதிகமான இன்சுலின். இறந்த ஒரு குழந்தையின் உடலில் லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்து இருந்தது. அந்தக் குழந்தைக்கு அந்த மருந்தைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. இரண்டு கேள்விகளையும் இதில் கேட்டுப் பாருங்கள். இயல்பாக இறந்த குழந்தையின் உடலில் லிக்னோகெய்ன் எப்படி வரும்? வராது. அதுதான் தராசைச் சாய்க்கும் ஆதாரம்.

இதற்கு எதிர்ப்பக்கம் டொரான்டோ. அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையின் இதய நோய் வார்டுகளில் 1980 ஜூலை முதல் 1981 மார்ச் வரை 36 குழந்தைகள் இறந்தார்கள். சில உடல்களில் டைகாக்சின் என்ற இதய மருந்து மிக அதிகமாக இருந்ததாகச் சொல்லப்பட்டது. சூசன் நெல்லஸ் என்ற இளம் நர்ஸ் கைதானார். போலீஸ் கேட்டபோது வழக்கறிஞரிடம் பேச வேண்டும் என்றாராம். அதையே சந்தேகத்துக்குக் காரணமாக எடுத்துக்கொண்டார்கள். 1982இல் முதற்கட்ட விசாரணையிலேயே நீதிபதி அவரை விடுவித்தார். டைகாக்சின் பற்றி அந்தக் காலத்தில்தான் இரண்டு விஷயங்கள் தெளிவாக ஆரம்பித்தன. இறந்தபின் இதயத் தசையில் இருக்கும் மருந்து ரத்தத்துக்குள் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும். அந்த மருந்தே வாங்காத பச்சிளம் குழந்தைகளின் ரத்தத்திலும் சோதனையை ஏமாற்றும் ஒரு இயற்கைப் பொருள் இருக்கும். ஒரு எண்ணைப் பார்த்துப் பதறுவதற்கு முன், இறந்த உடலில் அந்த எண் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நெதர்லாந்தில் லூசியா டி பெர்க்குக்கு நடந்தது இன்னும் கொடுமை. 2001 செப்டம்பரில் தி ஹேக் நகரத்தின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு குழந்தை இறந்தது. முதலில் இயற்கை மரணம் என்றார்கள். அந்த நர்ஸ் ஷிப்டில்தான் நிறைய நடக்கிறது என்ற பேச்சு வந்ததும் பழைய சம்பவங்களைத் தோண்டினார்கள். இத்தனை சம்பவங்களில் ஒருவர் தற்செயலாக டியூட்டியில் இருக்க 34 கோடியே 20 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று ஒரு கணக்கு நீதிமன்றத்தில் வந்தது. 2003இல் ஆயுள் தண்டனை. அப்புறம் புள்ளியியல் அறிஞர்கள் அந்தக் கணக்கையே உடைத்தார்கள். டைகாக்சின் நஞ்சு என்ற முடிவும் மறு ஆய்வில் நிற்கவில்லை. 2010 ஏப்ரலில் அவர் முழுமையாக விடுதலை ஆனார். இடையில் சிறையிலேயே அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது.

அந்தக் கணக்கு ஏன் தவறு? எதைச் சந்தேகச் சம்பவம் என்று குறிப்பது என்பதை, அன்று யார் டியூட்டியில் இருந்தார் என்று தெரிந்த பிறகு முடிவு செய்தார்கள். அவர் இருந்தபோது நடந்தால் சந்தேகம், இல்லாதபோது நடந்தால் விதி. இப்படிப் பட்டியல் போட்டால் எந்த நர்ஸையும் எந்த அட்டவணையிலும் குற்றவாளி ஆக்கலாம். லெட்பி விசாரணையிலும் ஒரு அட்டவணை காட்டப்பட்டது. 25 சம்பவங்கள், 38 நர்ஸுகள், எல்லாச் சம்பவத்திலும் ஒருவர் பெயருக்கு நேராக மட்டும் குறி. பார்த்தால் யாருக்கும் நெஞ்சு படபடக்கும். ஆனால் குற்றச்சாட்டில் சேர்க்கப்படாத மற்ற மரணங்கள் அந்த அட்டவணையில் இல்லை. அவர் கூடுதல் ஷிப்டுகளுக்கு வருபவர், மிக மோசமான நிலையில் இருக்கும் குழந்தைகளைப் பார்க்கத் தகுதி பெற்றவர் என்பதையும் அட்டவணை சொல்லாது. பிரிட்டனின் ராயல் புள்ளியியல் கழகம் இந்த மாதிரி மருத்துவமனை வழக்குகளுக்காகவே 2022இல் ஒரு அறிக்கை வெளியிட்டு எச்சரித்தது.

இதே கழகம் 2001இலும் குரல் கொடுத்தது. சாலி கிளார்க் என்ற தாயின் இரண்டு குழந்தைகள் வீட்டில் திடீரென்று இறந்திருந்தன. அப்படி இரண்டு முறை இயற்கையாக நடக்க 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று மருத்துவர் ராய் மெடோ சாட்சி சொன்னார். 8,543ஐ 8,543ஆல் பெருக்கி வந்த எண் அது. ஒரே குடும்பம், ஒரே மரபணு, ஒரே வீடு. இரண்டு மரணங்களையும் தொடர்பே இல்லாதவைபோல் பெருக்கக் கூடாது. அது போக, ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் மிக மிக அரிது. அந்த இரண்டு அரிய விஷயங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் ஒன்றின் அரிதை மட்டும் சொன்னால் ஜூரி மிரண்டுபோகும். 2003இல் அவர் விடுதலை ஆனதற்கு உடனடிக் காரணம் வேறு. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமி இருந்ததைக் காட்டிய லேப் முடிவுகள் தற்காப்புத் தரப்புக்குத் தரப்படாமலே இருந்திருக்கின்றன. ஒரு கல்ச்சர் ரிப்போர்ட், சகோதரி. அது கைக்கு வந்திருந்தால் அந்தத் தாய் மூன்று வருடத்துக்கு மேல் சிறையில் இருந்திருக்க மாட்டார்.

நிபுணர்கள் முரண்பட்டால் யாரை நம்புவது என்று கேட்டீர்கள். தலையை எண்ணாதீர்கள். 14 பேர் என்பதால் அது உண்மையாகிவிடாது. ஒரு ஜூரியின் முன் பல மாதம் நடந்த விசாரணை என்பதாலும் ஆகிவிடாது. 14 பேரும் தங்கள் துறையில் பெரியவர்கள், கூலி வாங்காமல் கேஸ் ஷீட்டுகளைப் படித்தவர்கள். ஆனால் அவர்கள் பேசியது பத்திரிகையாளர்கள் முன். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் எழுந்து நின்று, இந்த வரியை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று அங்கே கேட்கவில்லை. மறுபக்கம், 2023 விசாரணையில் அரசுத் தரப்பு நிபுணர்கள் நாள் கணக்கில் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டார்கள். ஆனால் மரண காரணங்கள் பற்றித் தற்காப்புத் தரப்பு தன் பக்கத்தில் ஒரு மருத்துவ நிபுணரைக்கூடச் சாட்சியாக அழைக்கவில்லை. என்ன காரணமாக இருந்தாலும், ஜூரிக்கு ஒரு பக்கத்து மருத்துவம்தான் நேரடியாகக் கேட்டது. எனக்கு அது பெரிய குறை. இரண்டு தரப்பு நிபுணர்களும் ஒரே அறையில், ஒரே எக்ஸ்ரேயை முன்னால் வைத்துக்கொண்டு, ஒருவர் கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லும்படி நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு நிபுணரைக் கேட்கும்போது நான் கவனிப்பது, எது தெரிந்தால் அவர் தன் முடிவை மாற்றிக்கொள்வார் என்பதை. எதுவுமே மாற்றாது என்பவர் மருத்துவம் பேசவில்லை. "காரணம் தெரியவில்லை" என்பதை "வேண்டுமென்றே செய்தது" என்று சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறாரா என்றும் பார்ப்பேன். பிரேதப் பரிசோதனை செய்தும் காரணம் தெரியாத குழந்தை மரணங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அப்புறம், சந்தேகப்பட்ட குழந்தைகளின் கேஸ் ஷீட்டை மட்டும் படித்தாரா, அதே பிரிவில் அதே காலத்தில் யாரும் சந்தேகப்படாமல் இறந்த குழந்தைகளுடையதையும் கலந்து வைத்துப் படித்தாரா? பெயர் தெரியாமல் கலந்து வைத்துப் படித்தவரின் சொல்லுக்கு நான் இரண்டு மடங்கு மதிப்புத் தருவேன்.

அந்த ஜூரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 22 குற்றச்சாட்டுகளில் 14இல் குற்றம் என்றார்கள், 2இல் குற்றமில்லை என்றார்கள், 6இல் முடிவுக்கு வர முடியவில்லை என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தியவர்கள் இல்லை அவர்கள். தங்களுக்குக் கிடைத்ததை எடை போட்டார்கள். தட்டில் என்ன வைக்கப்பட்டது என்பதில்தான் இன்றைய சண்டை.

இனி உங்கள் விஷயம்.

உங்கள் கடிதத்தில் ஒன்று இல்லை. மூன்று குழந்தைகள் இறந்தன என்று எழுதியிருக்கிறீர்கள், மூன்று முறையும் டியூட்டியில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எதனால் இறந்தன என்று ஒரு வரிகூட இல்லை. எத்தனை வாரத்தில் பிறந்தவை, என்ன எடை, தொற்று இருந்ததா, மூளைக்குள் ரத்தக் கசிவு இருந்ததா, குடல் அழுகலா? பயத்தில் நீங்களும் யார் என்ற இடத்திலிருந்தே தொடங்கியிருக்கிறீர்கள், அதுவும் உங்கள் பெயரிலிருந்து. நீங்கள் எத்தனை இரவு ஷிப்ட் பார்க்கிறீர்கள்? மோசமான குழந்தையை யாரிடம் கொடுக்கிறார்கள்? 6 வருட அனுபவம் உள்ளவரிடம்தானே. அப்படியானால் மூன்று மரணத்தில் உங்கள் பெயர் இருப்பது காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் என் வார்த்தையை வைத்துச் சமாதானம் ஆகாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள்.

பிரிவின் தலைமை டாக்டரிடம் எழுத்தில் கேளுங்கள், மூன்று மரணங்களுக்கும் ஆய்வுக் கூட்டம் நடத்தச் சொல்லி. குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், மன்றாடும் தொனியும் வேண்டாம். அந்த இரண்டு மாதத்தில் நடந்த எல்லா மரணங்களையும், மோசமாகிப் பிழைத்த குழந்தைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் லீவில் இருந்த நாட்கள் உட்பட. இனிமேல் எதிர்பாராமல் ஒரு குழந்தை மோசமானால், அந்த நேரமே ரத்தச் சாம்பிள் எடுத்து வைக்கவும், தொங்கிய டிரிப் பையையும் சிரிஞ்சையும் தூக்கிப் போடாமல் பெயர், நேரம் எழுதிப் பத்திரப்படுத்தவும் ஒரு வழக்கத்தை உங்கள் பிரிவில் கொண்டுவரச் சொல்லுங்கள். செஸ்டரில் அந்தச் சாம்பிள்கள் பத்திரமாக இருந்திருந்தால், இத்தனை வருடச் சண்டையில் பாதி நடந்திருக்காது. யாராவது உண்மையிலேயே தீங்கு செய்தால் பிடிபடுவதற்கும் இதுதான் வழி, செய்யாதவர் தப்புவதற்கும் இதுதான் வழி.

நேரத்தைச் சரியாக எழுதுங்கள். லெட்பியின் முதல் விசாரணையில் கதவின் அட்டைப் பதிவில் உள்ளே வந்ததும் வெளியே போனதும் மாறிக் கிடந்தது தெரியாமல் போய், மறுவிசாரணையில்தான் திருத்தினார்கள். ஏற்கெனவே எழுதிய எதையும் திருத்தாதீர்கள், ஒரு எழுத்துகூட. விட்டுப்போனது நினைவுக்கு வந்தால் இன்றைய தேதி போட்டு, பின்னர் சேர்த்தது என்று தனியாக எழுதுங்கள். ஷிப்ட் மாறும்போது தரும் குறிப்புத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். லெட்பி வீட்டில் அப்படி 257 தாள்கள் கிடைத்தன, அதுவும் ஆதாரமாக நின்றது. இறந்த குழந்தையின் பெற்றோரை ஃபேஸ்புக்கில் தேடிப் பார்க்கும் ஆசை வரும். துக்கம் தாங்காமல் தேடுகிற நர்ஸுகளை எனக்குத் தெரியும். தேடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். லெட்பி எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தில், நான் கெட்டவள், நான்தான் இதைச் செய்தேன் என்ற பொருளில் வரிகள் இருந்தன. அதே காகிதத்தில், நான் எந்தத் தவறும் செய்யவில்லை என்றும் இருந்தது. அரசுத் தரப்பு அதை ஒப்புதல் வாக்குமூலமாகப் பார்த்தது, மறுபக்கம் மனம் உடைந்தவரின் புலம்பலாகப் பார்த்தது. டி பெர்க்கின் டைரியையும் இப்படித்தான் படித்தார்கள். குழந்தை போன இரவில், நான் இன்னும் சீக்கிரம் கவனித்திருக்க வேண்டும், என்னால்தான் போயிற்று என்று நாம் எல்லாரும் நினைத்திருக்கிறோம். நானும் நினைத்திருக்கிறேன். அந்த நினைப்பை உங்களோடு வேலை செய்யும் மூத்த நர்ஸ் ஒருவரிடமோ மனநல ஆலோசகரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாகச் சுமக்காதீர்கள். யாராவது முறைப்படி விசாரிக்கக் கூப்பிட்டால் உங்கள் சங்கத்தையும் ஒரு வழக்கறிஞரையும் கேட்டுவிட்டுப் போங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. டொரான்டோவில் அதைச் சந்தேகமாகப் பார்த்தது பார்த்தவர்களின் தவறு.

விளையாட்டாகச் சொன்ன அந்த நண்பரிடம் கோபப்படாமல் ஒன்று சொல்லுங்கள். "மூணு பிள்ளைங்களுக்கும் என்ன ஆச்சுன்னு சேர்ந்து பார்ப்போம், வா" என்று கூப்பிடுங்கள். அவரும் பயத்தில் சொல்லியிருக்கலாம்.

வேலையை விடுவது பற்றி இப்போது முடிவு எடுக்காதீர்கள். ஆய்வுக் கூட்டம் முடியட்டும். அதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் மூன்று குழந்தைகளுக்கும் ரத்தக் கல்ச்சர் அனுப்பினார்களா, ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வந்ததும் எனக்கு எழுதுங்கள்.